சுக்குநாறி மணத்த பால்

என் வயதுக்காரர்களே, உங்கள் வீடுகளிலும் தரை துடைக்கிற தண்ணீரில் ஏதோ பச்சை மருந்து ஊற்றுகிறார்களா? எங்கள் வீட்டில் ஊற்றுகிறார்கள். கொசு வராதாம், பூச்சி பொட்டு அண்டாதாம். மருமகள் வாளியைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்தால் நான் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவுக்குப் போய்விடுகிறேன். "எங்க மாமியாருக்கு வாசனையே ஆகாதுங்க" என்று அவள் பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தாள். வாசனை எனக்கு நன்றாகவே ஆகும். அந்த வாசனைக்கு முன்னால் நிற்கத்தான் எனக்கு முகமில்லை.

அது சுக்குநாறிப் புல்லின் வாசனை. நம்மில் மேற்கு மலையடிவாரத்தில் பிறந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஆள் உயரம் வளரும். தாளின் ஓரம் விரலை அறுத்துவிடும். கசக்கி முகர்ந்தால் எலுமிச்சம்பழத் தோலும் சுக்கும் சேர்ந்த மணம். ஒருமுறை வேர் பிடித்துவிட்டால் வறட்சிக்கும் சாகாது, தீக்கும் சாகாது. முற்றிய புல்லை மலையிலிருந்து அறுத்து வந்து எங்கள் தோட்டத்துச் சாளை வீட்டுக்குக் கூரை வேய்வார்கள். புதுக்கூரை போட்ட வருடத்தில் முதல் மழை விழுந்ததும் வீட்டுக்குள் ரசம் கொதிக்கிறாற்போல இருக்கும். கறையான் ஏறாது. மாடும் வாய் வைக்காது. மாடு கட்டுகிற கட்டுத்தரை ஓரத்திலேயே கட்டுக்கட்டாக அடுக்கி வைத்திருந்தாலும், பசித்த மாடு கூட ஒருதரம் முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்ளும். எங்கள் ஊரில் நண்டு சிண்டுக்கெல்லாம் தெரிந்த சங்கதி அது. எல்லாருக்கும் தெரிந்திருந்ததால்தான் ஒருவரும் யோசிக்கவில்லை.

நான் அப்போது நாலாம் வகுப்பு. கோயமுத்தூருக்கு மேற்கே, மலையை நிமிர்ந்து பார்க்கிற தூரத்தில் எங்கள் தோட்டம். அப்பா, அம்மா, அப்பாவின் தம்பியான சித்தப்பா, அவர் சம்சாரம் சின்னம்மா, இவர்கள் எல்லாருக்கும் மேலே அத்தை. அத்தை அப்பாவுக்கு மூத்தவள். இளம் வயதில் தாலியறுத்து வந்து தம்பிகள் இருவரையும் வளர்த்து ஆளாக்கியவள். அவள் சொல்லுக்கு அப்பாவே எதிர்ச்சொல் சொல்ல மாட்டார். அம்மாவுக்கு அவளைக் கண்டால் கையில் இருக்கும் கரண்டி ஆடும்.

சின்னம்மா காங்கேயத்துப் பக்கத்துப் பெண். கலியாணமாகி மூன்று வருடம். அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது இருக்கும். என் பேத்திக்கு இப்போது அதே வயது, இன்னும் பல் தேய்க்கச் சொல்லிக் கத்த வேண்டியிருக்கிறது. சின்னம்மாவோடு பிறந்த வீட்டுச் சீராக ஒரு மாடு வந்தது. மயிலை நிறம், அதனால் அதற்கு மயிலை என்றே பேர். காங்கேய இனத்து மாடுகளின் குணம் உங்களுக்குத் தெரியும். பழகின கைக்குத்தான் பால் இறக்கும். எங்கள் வீட்டில் சின்னம்மாவைத் தவிர யார் பக்கத்தில் போனாலும் கொம்பைச் சாய்க்கும்.

விடிகாலையில் அவள் கறக்கும்போது நான் படலுக்கு வெளியே உட்கார்ந்து பாடம் ஒப்பிப்பேன். படல் என்பது கட்டுத்தரை வாசலுக்கு வைக்கிற, முள்குச்சி பின்னிய கதவு. சின்னம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. ஆனாலும் நான் எங்கே தடுமாறினாலும் கண்டுபிடித்துவிடுவாள். "நேத்து வேற மாதிரி சொன்னியே கண்ணு" என்பாள், தலையைத் திருப்பாமலே. எனக்கு அவள் மேல் உயிர். அவளிடம் இருந்த ஒன்றே ஒன்றின் மேல் பொறாமையும் இருந்தது. மயிலை என் கையையும் நக்க வேண்டும், என்னைக் கண்டதும் கத்த வேண்டும் என்று ஆசை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த வயதில் எனக்குப் பாதி புரிந்தும் புரியாமலும் காதில் விழுந்தது. சின்னம்மாவுக்குக் குழந்தை இல்லை. முன்பு இரண்டு தடவை நாள் தள்ளிப்போய், வீட்டில் சொல்லி, சந்தோஷப்பட்டு, பிறகு ஒன்றுமில்லாமல் போயிற்று. இரண்டாம் தடவைக்குப் பிறகு அத்தை அவளைப் 'பொய்ப்புள்ளக்காரி' என்று சொல்ல ஆரம்பித்தாள். அன்னூரில் ஒரு பெண் இருப்பதாகவும், தை பிறந்ததும் சித்தப்பாவுக்குப் பேசி முடிக்கலாம் என்றும் அப்பாவிடம் சொல்லி வைத்திருந்தாள். அந்தக் கோடையில் சின்னம்மாவுக்கு மூன்றாம் தடவையாக நாள் தள்ளியிருந்தது. அது நிலைத்தால் அவள் அந்த வீட்டில் இருப்பாள். நிலைக்காவிட்டால் அன்னூர்ப் பெண் வருவாள்.

அந்த வருடம் மாசியில் மலையில் தீப்பிடித்தது. வழக்கம்தான். ராத்திரியில் மலை மேல் செக்கச்செவேலென்று கோடு ஓடும், காலையில் முற்றத்தில் கருகின புல்தாள் பறந்து வந்து கிடக்கும். தீயில் விரட்டப்பட்டு ஒரு சிறுத்தை கீழே இறங்கி, பள்ளத்துக்கு அக்கரையில் மேய்ந்த கன்றுக்குட்டியைத் தூக்கிப்போயிற்று. பள்ளம் என்று நாங்கள் சொல்வது மழைக்கு மட்டும் தண்ணீர் ஓடுகிற காட்டாறு. அப்பா என்னைக் கூப்பிட்டு நிறுத்தினார்.

"அம்மணி, பள்ளந் தாண்டி அக்கட்டால போனீன்னு தெரிஞ்சுதோ, பள்ளிக்கூடம் அத்தோட நின்னுபோச்சு. பாத்துக்க."

பெண்பிள்ளையைப் படிக்க வைப்பதே அதிகம் என்று ஊர் சொல்லிக்கொண்டிருந்த காலம். இரண்டு மைல் தள்ளி மிஷன் பள்ளிக்கூடம். எங்கள் ஊரிலிருந்து அங்கே போன ஒரே பெண் நான். அதை நிறுத்த அத்தை ஒரு சாக்குக்காகக் காத்திருந்தாள். எனக்கு அது தெரியும்.

சித்திரையில் இரண்டு கோடை மழை பெய்தது. எரிந்து கருப்பாய்க் கிடந்த அக்கரையில் பச்சை தெரிந்தது. எங்கள் கட்டுத்தரையில் பழைய சோளத்தட்டுத்தான், அதுவும் மண் வாசனை அடித்துப்போனது. நான் ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வருகிற வழியில் பள்ளத்தைத் தாண்டிவிட்டேன். கருகின சுக்குநாறித் தூர்களின் நடுவிலிருந்து விரல் நீளத்துக்குக் கொழுந்து கிளம்பியிருந்தது. தொட்டால் அறுக்கவில்லை, மெத்தென்று இருந்தது. பாவாடையில் கட்டிக் கொண்டுவந்து, ஒருவரும் இல்லாத நேரம் பார்த்துப் படலுக்கு இந்தப் பக்கமிருந்தே மயிலையிடம் நீட்டினேன். முகர்ந்தது. தலையைத் திருப்பப் போகிறது என்று நினைத்தேன். தின்றது. தின்றுவிட்டு என் உள்ளங்கையை நக்கியது. அந்தச் சொரசொர நாக்கு பட்டபோது எனக்குக் கிடைத்த சந்தோஷத்தை இன்றைக்கும் மறைக்க மாட்டேன்.

ஐந்து நாள் அப்படிப் போனேன். நாலாம் நாளே மயிலை என் காலடிச் சத்தத்துக்குக் கத்தியது. "இதென்ன, பொழுதோட இப்படிக் கத்துது?" என்று சின்னம்மா கேட்டாள். நான் சிலேட்டைத் துடைக்கப் போய்விட்டேன். ஐந்தாம் நாள் கொழுந்து நிறைய இருந்தது, பாவாடையில் இரண்டு தடவை கொண்டுவந்து கொடுத்தேன்.

மறுநாள் கிருத்திகை. கிருத்திகைக்கு மயிலையின் பால்தான் கரட்டுக் குன்றின் மேல் இருக்கிற முருகன் கோவிலுக்கு அபிஷேகத்துக்குப் போகும். சின்னம்மா குளித்து ஈரச் சேலையோடு கறந்து கொடுக்க, சித்தப்பா சொம்பை எடுத்துக்கொண்டு போனார். வெயில் ஏறுவதற்குள் சொம்போடு திரும்பி வந்தார். முகம் சுண்டிப்போயிருந்தது.

"பாலு வாடையடிக்குதாம். சாமிக்கு ஊத்தறதுக்கில்லைன்னு பூசாரி திருப்பிப்போட்டாரு."

சாமிக்குக் கொண்டுபோன பால் திரும்பி வருவதென்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும். ஒரு குடும்பத்தின் மானம் அந்தச் சொம்புக்குள் இருந்தது. அத்தை வாங்கி முகர்ந்தாள். அம்மாவிடம் நீட்டினாள். அம்மா முகர்ந்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்:

"சுக்குநாறி வாடையாட்டம் இருக்குதுங்களே."

அந்த வீட்டில் உண்மைக்கு அவ்வளவு பக்கத்தில் வந்தது அம்மா ஒருத்திதான்.

"உனக்குப் புத்திகித்தி கெட்டுப்போச்சா? சுக்குநாறியில எந்த ஊரு மாடு வாய் வெச்சுது?" என்றாள் அத்தை. அம்மா அத்தோடு அடங்கிவிட்டாள். அத்தை திரும்பிச் சின்னம்மாவைப் பார்த்தாள்.

"ஏம்புள்ளே, நீ வெளிய உக்காந்து எத்தனை நாளாச்சு?"

மாதத்தில் மூன்று நாள் பெண்கள் வீட்டுக்குப் பின்னாலிருந்த சாய்ப்பில் தனியாக இருப்பார்கள். அந்த நாட்களில் அடுப்பங்கரைக்கும் கட்டுத்தரைக்கும் வரக் கூடாது. வந்தால் பால் கெடும் என்பது எங்கள் பக்கத்தில் கேள்வி கேட்காத நம்பிக்கை.

"அம்பது நாளாச்சுங்க நங்கையா" என்றாள் சின்னம்மா. கணவனின் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"போன மொறையும் இதையேதான் சொன்னே. அதுக்கு முந்தியும் இதையேதான் சொன்னே. தூரமானதை மறைச்சுப்போட்டு, புள்ளை நிக்குதுன்னு எல்லாத்தையும் ஏமாத்திக்கிட்டு, கட்டுத்தரைக்குள்ள போயி சாமி பாலைக் கறந்திருக்கறே. மனுசரை ஏமாத்துவே. மாட்டை ஏமாத்துவியா?"

"இல்லீங்க. அப்படியெல்லாம் இல்லீங்க நங்கையா."

"அப்பறம் பாலு ஏன் வாடையடிக்குது? சொல்லு."

சின்னம்மாவால் சொல்ல முடியவில்லை. சொல்லக்கூடிய ஒரே ஆள் அடுப்பங்கரைக் கதவுக்குப் பின்னால் சிலேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். என் விரல்களில் அந்த மணம் அப்போதும் இருந்தது. கையைப் பாவாடைக்குள் சுருட்டிக்கொண்டேன். நான் செய்தது அவ்வளவுதான். வாயைத் திறந்து "நான்தான் கொழுந்து போட்டேன்" என்று சொல்ல மூன்று வார்த்தை போதும். கொழுந்து எங்கே இருந்தது என்று அப்பா கேட்பார். பள்ளத்துக்கு அக்கரையில். பள்ளிக்கூடம் நின்றுபோகும். ஒன்பது வயதில் நான் போட்ட கணக்கு இது. ரொம்பச் சரியாகவே போட்டேன்.

தீட்டுக் கழிக்க வேண்டும் என்றாள் அத்தை. கிணற்றிலிருந்து சின்னம்மாவே தண்ணீர் சேந்தி, கட்டுத்தரை முழுவதும், தொட்டி, சட்டி, முளைக்குச்சி வரை ஒன்று விடாமல் கழுவ வேண்டும். கோடைக் கிணறு, தண்ணீர் பாதாளத்தில் கிடந்தது. சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டார். நான் பள்ளிக்கூடம் போனேன். அன்று டீச்சரம்மா ஏழாம் வாய்ப்பாடு கேட்டார்கள். தப்பில்லாமல் ஒப்பித்தேன்.

சாயங்காலம் திரும்பி வரும்போதும் அவள் சேந்திக்கொண்டிருந்தாள். சேலை நனைந்து காலோடு ஒட்டியிருந்தது. உள்ளங்கை கயிறு பட்டுச் சிவந்திருந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"என்ன பாடம் கண்ணு இன்னைக்கு?"

உள்ளே ஓடிவிட்டேன். என்னவெல்லாமோ மறந்துபோகிற இந்த வயதில் அந்தக் கேள்வி மட்டும் மறக்கமாட்டேனென்கிறது.

கொஞ்ச நேரத்தில் குடம் உருண்ட சத்தம் கேட்டது. சின்னம்மா கிணற்று மேட்டில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கழுவின ஈரத்தில் ரத்தம் ஓடியது. அத்தை ஓடிவந்து பார்த்தாள்.

"பாத்தீங்களா? தூரந்தான். நாஞ் சொன்னப்ப ஒருத்தரும் நம்பலையே" என்றாள்.

அத்தையை ராட்சசி என்று நினைத்துவிடாதீர்கள். அவளே சின்னம்மாவைக் கைத்தாங்கலாகச் சாய்ப்புக்குக் கூட்டிப்போய், வெந்நீர் வைத்துக் கொடுத்து, கருப்பட்டி தட்டிப்போட்டுக் காப்பி கொடுத்தாள். "மறைக்கலாமா புள்ளே, மறைச்சா இப்படித்தான் ஆவும்" என்று தலையைக் கூடத் தடவிவிட்டாள். தான் சொன்னதை அவள் முழுசாக நம்பினாள். நான்தான் நம்பாதவள்.

அடுத்த நாளிலிருந்து, மயிலையின் காலைக் கட்டிப்போட்டு, அம்மா பயந்து பயந்து கறந்தாள். இரண்டு நாளில் பால் தெளிந்து, வாடை போய்விட்டது. போகாமல் என்ன செய்யும்? நான்தான் பள்ளத்துப் பக்கமே போகவில்லையே. ஆனால் வீட்டுக்கு அது கடைசி சாட்சி ஆயிற்று. அவள் கை படவில்லை, பால் நன்றாக இருக்கிறது. இதற்கு மேல் என்ன வேண்டும்?

ஆள் விட்டனுப்பினார்கள். சின்னம்மாவின் அண்ணன் காங்கேயத்திலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்தார். ஒரு வார்த்தை சண்டை போடவில்லை. அவமானத்தில் அவரும் தலை நிமிரவில்லை. சீராக வந்த மாட்டையும் கன்றையும் வண்டிக்குப் பின்னால் கட்டினார்கள். நான் வண்டிப் பக்கத்தில் போய் நின்றேன். மயிலை கழுத்தை நீட்டி என் கையை நக்கியது. சின்னம்மா அதைப் பார்த்தாள்.

"உனக்கும் பழகிப்போச்சா! இருந்திருந்தா நீயே கறக்கப் பழகியிருப்பே அம்மணி" என்றாள். வண்டி போய்விட்டது. தையில் அன்னூர்ப் பெண் வந்தாள். நாலு பிள்ளை பெற்றாள். நல்லவள், அவள் மேல் ஒரு குற்றமும் இல்லை.

நான் படித்தேன். டிரெயினிங் முடித்து டீச்சரானேன். முப்பத்தைந்து வருடம் பிள்ளைகளுக்கு உண்மை பேசு என்று கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். சிரிப்பவர்கள் சிரியுங்கள்.

எனக்குத் தலைச்சன் பிள்ளைக்கு நாள் தள்ளியிருந்தபோது, ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸம்மா சொன்னாள்: "மூணு மாசம் வரைக்கும் பாரம் தூக்காதீங்க, தண்ணி சேந்தாதீங்க, கலைஞ்சிரும்." அதுவரை, சின்னம்மாவை வீட்டை விட்டு அனுப்பக் காரணமாக இருந்தேன் என்றுதான் என் குற்றத்தை அளந்து வைத்திருந்தேன். கிணற்று மேட்டில் ஓடியது தூரமில்லை என்பது அன்றுதான் உறைத்தது. ஐம்பது நாள் பிள்ளை அது. அவள் பொய் சொல்லவே இல்லை.

அப்போதாவது போய்ச் சொன்னேனா? இல்லை. குழந்தை பிறக்கட்டும் என்றேன். பிறகு, பள்ளிக்கூடம் லீவு விடட்டும் என்றேன். பிறகு, அப்பா இருக்கிறவரை வேண்டாம் என்றேன். அத்தை போனாள், அப்பா போனார், சித்தப்பாவும் போனார். சாக்குகள் தீர்ந்தபோது எனக்கு ஐம்பது வயது கடந்திருந்தது. காங்கேயத்துக்குப் பஸ் ஏறினேன்.

சின்னம்மா தன் அண்ணன் மகன் வீட்டில் இருந்தாள். தலை வெளுத்து, உடம்பு வற்றி, ஆனால் குரல் அதே குரல். என்னைக் கையைப் பிடித்து உட்கார வைத்து, எத்தனை பிள்ளைகள், எந்த ஊரில் வேலை என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். நான் டீச்சர் என்றதும் முகமெல்லாம் மலர்ந்துபோயிற்று. அண்ணன் மகனின் சம்சாரம் காப்பி கொண்டுவந்தாள். முற்றத்துக்கு அந்தப் பக்கம் பெரிய கட்டுத்தரை, ஏழெட்டு மாடுகள். பேச்சுக்காக, "சின்னம்மாதான் கறக்கறாங்களா?" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன்.

"எங்கீங்க? அத்தை படலுக்கு உள்ளேயே வரமாட்டாங்க. தட்டு அறுப்பாங்க, தண்ணி காட்டுவாங்க, எல்லாம் இக்கட்டால நின்னுதான். பட்டிப் பொங்கலுக்கு ஒரு சொட்டுப் பாலு ஊத்தச் சொன்னாக்கூட மாட்டீங்கறாங்க. ஏன்னு கேட்டா சொல்றதுமில்லைங்க."

அவள் போனதும் நான் சொல்லிவிட்டேன். பள்ளம், கொழுந்து, ஐந்து நாள், பாவாடை, கதவுக்குப் பின்னால் நின்றது, ஒன்று விடாமல்.

"அந்தக் கிருத்திகையன்னைக்கு வெடியால, சேலையில ஒரு பொட்டு ரத்தம் பட்டிருந்துச்சு கண்ணு" என்றாள் சின்னம்மா. "ஒரே ஒரு பொட்டு. இந்தத் தடவையாச்சும் நிக்கோணும்னு வேண்டிக்கிட்டு, ஆருட்டயும் சொல்லாம போயிக் கறந்துபோட்டேன். சாமிக்குப் போற பாலு. பாலு வாடையடிக்குதுன்னு திரும்பி வந்ததும் எனக்கு ஈரக்கொலையே நடுங்கிப்போச்சு. நங்கையா சொன்னது நெசந்தான், நானேதான் கெடுத்துப்போட்டேன், அதுக்குத்தான் சாமி புள்ளையை எடுத்துக்கிச்சுன்னு..."

என் கையை விட்டாள்.

"மயிலை அதைத் தின்னுச்சா?"

"தின்னுச்சு சின்னம்மா."

"அப்ப அது வெறும் புல்லு வாடையா?"

"ஆமா."

"உனக்கு அன்னைக்கே தெரியுமா கண்ணு?"

"தெரியும்."

அவள் திட்டவில்லை, அழவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, நான் கேட்கவுமில்லை. எழுந்து முற்றத்தைக் கடந்து கட்டுத்தரைப் பக்கம் போனாள். கறக்கிற நேரம், மாடுகள் கத்திக்கொண்டிருந்தன. படலை அவளே இழுத்துத் திறந்தாள். ஒரு கையால் பக்கத்துக் கல்தூணைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாள். நான் பின்னாலேயே போய், "உள்ள போங்க சின்னம்மா" என்றேன்.

"கால் வரமாட்டீங்குது கண்ணு" என்றாள்.